டி ட்ரைவில் போட்டால் பத்திரமா? பார்ட்டிஷன், பக்கப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லப்டொப் திருத்தக் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “உள்ளே இருக்கிற பைல்களுக்கு வேறு எங்கேயாவது கொப்பி இருக்கா?” என்பதைத்தான். அநேகமாக வருகிற பதில், “ஓம், எல்லாம் டி ட்ரைவிலதான் வச்சிருக்கிறன், பயமில்லை.” வெள்ளவத்தையிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, பள்ளிப் பிள்ளைகளும் கணக்காளர்களும் ஒரே மாதிரித்தான் இதைச் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. இதனால் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படமும் நாலு வருட ஆய்வு வேலையும் போய்விடுகின்றன. ஆகவே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் தருகிறேன்.

பார்ட்டிஷன் எண்டா என்ன? பக்கப் எண்டா என்ன? ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. பார்ட்டிஷன் என்பது ஒரு டிஸ்க்கின் இடத்தைப் பங்கு பிரிப்பது. டிஸ்க்கின் ஆரம்பத்தில் ஒரு சின்ன அட்டவணை உண்டு. முதல் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அதில் பதிந்திருக்கும். அதைப் படித்துத்தான் விண்டோஸ் சி, டி, இ என்று காட்டுகிறது. (ஏ, பி இரண்டும் பழைய ஃப்ளொப்பி டிஸ்க்குகளுக்கு ஒதுக்கிய எழுத்துகள். அதனால்தான் ஹாட் டிஸ்க் சி-யில் ஆரம்பிக்கிறது.) திரையில் இரண்டு ட்ரைவ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மோட்டர், ஒரே சர்க்கிட் போர்ட். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் டிஸ்க்) என்றால் ஒரே கொன்ட்ரோலர் சிப். அது செத்தால் சி-யும் டி-யும் சேர்ந்தே சாகும்.

பக்கப் என்பது இரண்டாவது கொப்பி. அதே பைல் இன்னொரு சாதனத்தில், முதலாவதற்கு என்ன நடந்தாலும் தான் தப்பக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். சி-யிலிருந்து டி-க்கு வெட்டி ஒட்டிய படத்துக்கு இப்போதும் ஒரு கொப்பிதான். அலுமாரியின் மேல்தட்டில் இருந்த காணி உறுதியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியது மாதிரித்தான் அது.

சி-யில ஒண்டு, டி-யில ஒண்டு எண்டு ரெண்டிலயும் வச்சா?

கை தவறி அழித்துவிட்டாலோ சி-யை மட்டும் பார்மட் செய்தாலோ உதவும். டிஸ்க்கே போனால் உதவாது.

அப்ப பார்ட்டிஷன் பிரிக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லையா?

உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தை நினைத்துப் பாருங்கள். வைரஸ் பிடிக்கும், மெஷின் இழுக்கும், சில மாதத்துக்கு ஒருமுறை “பார்மட் அடிச்சாத்தான் சரி” என்பார்கள். சி-யை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் டி-யில் இருப்பது அப்படியே மிஞ்சும். அதற்காகவே கடைக்காரர்கள் கேட்காமலே இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு ஆபத்திலிருந்து டி ட்ரைவ் பலரைக் காப்பாற்றியது உண்மை. பிறகு அதுவே எல்லா ஆபத்துக்கும் மருந்து என்ற எண்ணமாக வளர்ந்துவிட்டது. விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டுவையும் விண்டோஸையும் ஒரே மெஷினில் வைக்கவும் பார்ட்டிஷன் தேவை. வேலைக் கோப்புகளையும் வீட்டுக் கோப்புகளையும் தனித்தனியே வைக்க விரும்புகிறவர்களுக்கும் அது வசதிதான்.

ஆனால் லப்டொப்பை பஸ்ஸில் யாராவது எடுத்துக்கொண்டு போனால் டி-யும் அதோடு போகும். தேத்தண்ணி கொட்டினாலும், இடி மின்னலில் போர்ட் எரிந்தாலும், பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் அப்படித்தான். விண்டோஸ் தெரிகிற ட்ரைவ் எல்லாம் ரான்சம்வேருக்கும் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது: விண்டோஸை ரீசெட் செய்யும்போது எல்லாவற்றையும் அகற்றும்படி தெரிவுசெய்தால், விண்டோஸ் உள்ள ட்ரைவை மட்டுமா, எல்லா ட்ரைவையுமா என்று தெரிவுசெய்ய ஓர் இடம் வரும். அவசரத்தில் இரண்டாவதைத் தட்டினால் டி-யும் வெறுமையாகும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்ததால் பலர் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக நிறுவும்போது பார்ட்டிஷன் பட்டியல் ஒன்று வரும். அதில் பிழையான வரியைத் தெரிந்து அழித்தாலும் கதை அதேதான்.

எல்லாம் டி-யில இருக்கெண்டு சொல்லித்தான் பார்மட் பண்ணக் குடுத்தன். டெஸ்க்டொப்பில இருந்ததெல்லாம் போயிட்டுது. ஏன்?

டெஸ்க்டொப் சி ட்ரைவில்தான் இருக்கிறது. டொக்யுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவையும் அங்கேதான், யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில். கண்முன்னே தெரிவதால் அது தனி இடம் என்று தோன்றும். பார்மட்டுக்குக் கொடுக்க முன்பு அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள், புக்மார்க்குகள், அவுட்லுக் மின்னஞ்சல் பைல், கணக்கு மென்பொருளின் தரவு ஆகியவையும் பெரும்பாலும் சி-யில்தான் இருக்கும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கோவில் மலர், பாடசாலை வினாத்தாள், சங்கத்தின் பழைய அறிக்கைகள் என்று நம்மிடம் இருக்கிற வேர்ட், பேஜ்மேக்கர் பைல்களில் ஏராளமானவை பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பைலைக் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். முக்கியமானவற்றை, தனி எழுத்துரு இல்லாமலே எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிடிஎஃப் கொப்பியும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

புது லப்டொப் வாங்கியிருக்கிறன். எப்பிடிப் பிரிக்கிறது?

256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் பிரிக்காதீர்கள். விண்டோஸ் 11 வேண்டும் என்று சொல்லும் ஆகக்குறைந்த இடமே 64 ஜிபி. அப்டேட்களும் மென்பொருள்களும் சேர்ந்தால் அது இரண்டு மடங்காகும். சி-க்கு 80 ஜிபி கொடுத்துவிட்டு மிச்சத்தை டி-யாக்கியவர்களின் மெஷின்கள்தான் “சி ட்ரைவ் சிவப்பாயிட்டுது, அப்டேட் ஏறுதில்லை” என்று வருகின்றன. பக்கத்தில் டி காலியாகக் கிடக்கும். 512 ஜிபி அல்லது 1 டிபி என்றால், விருப்பமானால் சி-க்கு 200 ஜிபியாவது விட்டுப் பிரிக்கலாம். என்னைக் கேட்டால் ஒன்றாகவே விட்டு, மிஞ்சும் கவனத்தை பக்கப்பில் செலவழியுங்கள் என்பேன்.

1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பங்குகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் பெயரில்லாத சின்னப் பங்குகள் சில தெரிந்தால், அவை மெஷின் இயங்கத் தொடங்கவும் பழுதானால் மீளவும் தேவையானவை. அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே பாவிக்கிற மெஷின். பைல் ஒண்டும் போகாமல் இப்ப பிரிக்கலாமோ?

பிரிக்கலாம். ஆனால் பார்ட்டிஷனில் கை வைக்கும் நேரம்தான் பக்கப் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரம். விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டிலேயே சி-யைச் சுருக்கும் வசதி இருக்கிறது. 100 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிதான் சுருக்க விடுகிறது என்று சிலர் குழம்புவார்கள். நகர்த்த முடியாத சில சிஸ்டம் பைல்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதே அதற்குக் காரணம். அதைத் தாண்டிப் போக இலவச மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஒரு பங்கின் தொடக்க இடத்தை நகர்த்தினால், அதற்குள் இருக்கும் தரவு முழுவதையும் அவை வாசித்து வேறிடத்தில் எழுத வேண்டும். அது மணிக்கணக்கில் எடுக்கும், நடுவில் கரண்ட் போனால் பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்கும். 2022-இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்கவும் சார்ஜர் செருகியிருக்கவும் வேண்டும். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இன்னொரு பொறி, டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லொக்கர். இப்போது வரும் பல லப்டொப்களில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவியில்லாமல் வாசிக்க முடியாது. உரிமையாளருக்கே அது தெரியாது. பார்ட்டிஷனை மாற்றினாலோ பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெஷினின் அடிப்படை நிரலில்) கை வைத்தாலோ 48 இலக்கச் சாவி கேட்கலாம். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்க முன்பே அதைத் தேடிக் கடதாசியில் எழுதி வையுங்கள். சாவி இல்லையென்றால் எந்தக் கடையாலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

எத்தினை கொப்பி வேணும்? எங்க வைக்கிறது?

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றும் நல்ல அளவுகோல்: மூன்று கொப்பி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். லப்டொப்பில் இருப்பது ஒன்று, வெளி ஹாட் டிஸ்க்கில் இருப்பது இரண்டு, கிளவுடிலோ (இணையத்தில் இடம் தரும் சேவை) இன்னொருவர் வீட்டிலோ இருப்பது மூன்று.

வேறு இடம் என்பதைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். லப்டொப்பும் பக்கப் டிஸ்க்கும் ஒரே பையில் இருக்கும், பை மேசைக்குக் கீழே இருக்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது வெள்ளம் அந்தப் பையைத் தனியாக விட்டு வைத்திருக்காது. அதற்கு முந்திய அனுபவமும் நமக்கு இருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அல்பங்களும் சேர்ந்து எரிந்தன. பாட்டன் பாட்டியின் முகத்தைக் காட்ட இன்று சில குடும்பங்களில் எஞ்சியிருப்பது, கலியாணம் முடிந்த கையோடு லண்டனுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தபாலில் அனுப்பிய ஒரேயொரு படம்தான். பாசத்தில் அனுப்பிய கொப்பி, இன்னொரு வீட்டில் இருந்ததால் பிழைத்தது. இன்று நம் சொந்தங்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்து திரும்பும் மச்சானிடம் குடும்பப் படங்கள் நிறைந்த ஒரு டிஸ்க்கைக் கொடுத்து விடுங்கள். அவருக்கும் அது சந்தோஷம்தான்.

எதை முதலில் கொப்பி எடுப்பது என்றால், திரும்ப உண்டாக்க முடியாததை. சினிமாப் படங்களும் மென்பொருள்களும் மறுபடி கிடைக்கும். குடும்பப் படங்கள், குரல் பதிவுகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தினதும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பினதும் ஸ்கேன், காணி உறுதி, ஆய்வேடு, கடையின் கணக்கு ஆகியவை கிடைக்காது. பலருக்கு இவை எல்லாம் சேர்ந்தே 100 ஜிபி வராது.

கூகுள் ட்ரைவில இருக்கு. அது போதாதோ?

மூன்றாவது கொப்பியாக மிக நல்லது. அதுவே ஒரே கொப்பி என்றால் போதாது. கூகுள் ட்ரைவும் மைக்ரோசொப்டின் கிளவுட் சேவையான வன்ட்ரைவும் (OneDrive) செய்வது ஒத்திசைவு. லப்டொப்பில் ஒரு பைலை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு இல்லை. இலவச இடம் கூகுளில் 15 ஜிபி, வன்ட்ரைவில் 5 ஜிபி. அது நிரம்பினால் புதிய பைல்கள் ஏறாது; வரும் எச்சரிக்கையை அநேகர் வாசிப்பதுமில்லை.

டி ட்ரைவ் பழக்கம் இங்கே இன்னொரு தீமையும் செய்கிறது. வன்ட்ரைவின் தானியங்கி பக்கப் பார்ப்பது டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழமையான ஃபோல்டர்களைத்தான். விண்டோஸோடு வரும் பக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரியும் அப்படியே. டி-யில் நீங்களாக உண்டாக்கிய ஃபோல்டர்களை அவை கண்டுகொள்வதில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று டி-யில் வைத்த பைல்கள்தான் எந்தப் பக்கப்பிலும் சேராமல் நிற்கின்றன. ஃபைல் ஹிஸ்டரி பாவிப்பவர்கள் அந்த ஃபோல்டர்களை விண்டோஸின் லைப்ரரிக்குள் சேர்த்துவிட வேண்டும்.

வேகத்தையும் யோசியுங்கள். அப்லோட் 5 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி ஏற ஏறத்தாழ 44 மணித்தியாலம். பக்கேஜில் இரவுக்கென்று தனி டேட்டா இருந்தால் முதல் ஏற்றத்தை அந்த நேரத்தில் சில இரவுகளாகச் செய்யுங்கள். பிறகு வருவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

வெளி ஹாட் டிஸ்க்கை எப்பவும் செருகியே வச்சிருக்கலாமோ?

வேண்டாம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவையில் ரான்சம்வேர் புகுந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு இழக்கப்பட்டது. பக்கப் இருந்தது, ஆனால் ஒன்லைனில் இருந்ததால் அதையும் அந்த நிரல் குறியாக்கம் செய்துவிட்டது. அந்தக் காலத்துக்கு, இணைப்பில்லாமல் தனியே எடுத்து வைத்த கொப்பி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் வரை பாதித்த இழப்பு இது. உங்கள் வீட்டு மேசையிலும் விதி இதேதான்: டிஸ்க்கைச் செருகுங்கள், கொப்பி எடுங்கள், கழற்றி எடுத்து வையுங்கள். மின்னல் காலத்திலும் இது உதவும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேர இடி எப்படியிருக்கும் என்று தெரியும்தானே. செருகியிருக்கிற எல்லாமே அப்போது ஆபத்தில்தான்.

ஹாட் டிஸ்க் நல்லதோ, எஸ்எஸ்டியோ, பென் ட்ரைவோ? பழைய டிவிடி இருக்கே?

பக்கப்புக்குச் சாதாரண வெளி ஹாட் டிஸ்க் போதும். ஒரே பணத்துக்கு இடம் கூட. விழுந்தால் மட்டும் போச்சு. எஸ்எஸ்டி வேகமானது, விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் மெல்ல மெல்லத் தரவை இழக்கக்கூடியது. பென் ட்ரைவ் கொண்டு திரிவதற்குத்தான், வைத்திருப்பதற்கல்ல. கலியாண வீடியோ டிவிடிகளை இந்த மாதமே கணினியில் ஏற்றிவிடுங்கள். வீட்டில் எழுதிய டிவிடிகள் காலப்போக்கில் வாசிக்க முடியாமல் போகும், நம்முடைய ஈரப்பதன் அதை இன்னும் விரைவுபடுத்தும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. டிஸ்க்கை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள்.

புது டிஸ்க்கை பார்மட் செய்யும்போது தெரிய வேண்டிய வகை: விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மெக்கிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபாட். ஃபாட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது.

போனில இருக்கிற படங்கள், வாட்ஸ்அப்?

போனுக்கு டி ட்ரைவ் கிடையாது. அதைச் சொல்லி ஆறுதல் அடையவும் வழியில்லை. மாதம் ஒருமுறை கேபிள் போட்டு கமரா ஃபோல்டரைக் கணினிக்கு எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூலப் படமாகக் கொள்ளாதீர்கள், அது சுருக்கப்பட்டது. அன்ட்ரொய்டில் வாட்ஸ்அப் பக்கப்பும் இப்போது அந்த 15 ஜிபிக்குள்தான் எண்ணப்படுகிறது. காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்தால் இடம் மிஞ்சும். வைபருக்கு அதன் செட்டிங்ஸில் தனியாக பக்கப் போட வேண்டும்.

எத்தினை நாளைக்கு ஒருக்கா எடுக்கிறது? மறந்து போகுதே.

எத்தனை நாள் வேலையை இழக்கச் சம்மதிப்பீர்களோ அத்தனை நாளுக்கு ஒருமுறை. ஆய்வேடு எழுதுகிறவருக்கு ஒவ்வொரு இரவும். கடைக் கணக்குக்கும் அப்படியே. வீட்டுப் படங்களுக்கு மாதம் ஒருமுறை போதும். அதற்கு நம் நாட்டில் நல்ல நாட்காட்டி இருக்கிறது: பௌர்ணமி நாளான போயா. மாதம் ஒரு விடுமுறை நிச்சயமாக வரும், வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். அன்று காலை டிஸ்க்கைச் செருகி வேலையை முடித்துவிடலாம். ஃபைல் ஹிஸ்டரி, மெக்கில் டைம் மெஷின் இரண்டும் டிஸ்க்கைக் கண்டதும் தாமாகவே கொப்பி எடுத்துக்கொள்ளும்.

எடுத்த கொப்பியைத் திறந்து பாருங்கள். கண்ணை மூடிப் பத்துப் பைலைத் தொட்டு, வேறு கணினியில் திறக்கிறதா என்று சோதியுங்கள். ஃபோல்டர் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத பக்கப்களை நான் கண்டிருக்கிறேன். பாஸ்வேர்ட் போட்ட டிஸ்க் என்றால், வீட்டில் இன்னொருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

டிஸ்க்கை செருகினா “பார்மட் செய்யவா?” எண்டு கேக்குது. சிலவேளை டக் டக் எண்டு சத்தமும் வருது. என்ன செய்ய?

பார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை பழுதானாலும் உள்ளே தரவு பெரும்பாலும் இருக்கும். சத்தம் வந்தால் உடனே கழற்றுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பதும் இணையத்தில் கிடைத்த மீட்பு மென்பொருளை ஓடவிடுவதும் மிச்சத்தையும் சுரண்டிவிடும். அந்த நிலையில் தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். செலவு டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு வரலாம்.

சத்தம் இல்லை, பைலைத் தவறுதலாக அழித்துவிட்டீர்கள் என்றால், ஹாட் டிஸ்க்காக இருந்தால் அந்த மெஷினில் வேறொன்றும் எழுதாமல் நிறுத்துங்கள். மேலே புதியது எழுதப்படும் வரை மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடங்களை அது தானாகவே துடைத்துவிடும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ உங்கள் தெருக் கடையிலோ கொடுக்கும்போது வாயால் சொன்னதோடு விடாதீர்கள். நீங்கள் பேசியவர் ஒருவர், பின்னால் இருந்து வேலை செய்பவர் இன்னொருவர். “டேட்டா வேண்டும், பார்மட் செய்யக்கூடாது” என்று ரசீதில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்து, டிஸ்க்கின் மேலும் ஒரு துண்டு ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.